ஊறுகாய்ப்புல் குழியில் என் நாத்தனார்

எழுபதுகளில் சோழவரத்தில் எங்களுக்கு நான்கு எருமைகள் இருந்தன. கோடைத் தீவனத்துக்காகச் சோளத்தட்டையையும் கரும்புத் தோகையையும் நறுக்கி, ஆழக் குழியில் போட்டு மிதித்து, மூடி ஊறுகாய்ப்புல்லாக ஊறவைப்போம். நானும் நாத்தனார் சரோஜாவும் கதை பேசிச் சிரித்தபடியே மிதித்த நாட்கள் அவை.

ஒருமுறை பாதி நிரம்பிய குழியை மூடிவிட்டு, மறுநாள் மீதியை நிரப்பத் திறந்தோம். முதலில் இறங்கிய சரோஜா, "தலை சுத்துது அண்ணி, இன்னான்னே தெரில" என்று உட்கார்ந்துவிட்டாள். மேலே நின்றிருந்த என் கணவர் அவளைத் தூக்கக் குதிக்கப் போனார். அவருக்கும் மயக்கம் வந்தால்?

"ஏங்க, நீங்களும் எறங்காதீங்க! கயிறு போடுங்க!" என்று கத்தினேன்.

அவர் போட்ட கயிற்றைச் சரோஜா தட்டுத்தடுமாறி இடுப்பில் கட்டிக்கொண்டாள். இருவரும் மேலே இழுத்துவிட்டோம். காற்று பட்டதும் தெளிந்து, "புல்லோட புல்லா நானும் ஊறியிருப்பேன் அண்ணி" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

ஊறும் தீவனத்தின் விஷக்காற்று குழிக்குள் தேங்குமாம். மாட்டு டாக்டர் சொன்னார். அதன்பின் இன்றுவரை ஒரே நாளில் நிரப்பி மூட முடிகிற அளவுக்குத்தான் குழி வெட்டுகிறேன். மழை வந்து வேலை பாதியில் நின்றாலும், மறுநாள் யாரையும் உள்ளே இறங்க விடுவதில்லை.