பதினான்கு மாதங்களுக்குப் பிறகு பட்ட ரத்தம்

சென்ற தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த நான், என் உடையில் ரத்தத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இதில் என்ன அதிசயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு மாதவிலக்கு நின்று அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நோய் கருப்பைக்கு வந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

முருகனை நம்பும் உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பெண்களுக்கு மட்டுமல்ல, வீட்டு ஆண்களுக்கும்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கும் எனக்கும் மத்திய அரசு வேலை. டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஒரே மகள் அபி, எட்டாவது படிக்கிறாள். எனக்கு மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் ஆறு கீமோவும் முடித்தேன். இரண்டாவது கீமோவோடு மாதவிலக்கு நின்றுபோனது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா.

சிறுவயதிலிருந்து வயிற்றுவலியில் சுருண்டுகொண்டு, “இந்தச் சனியன் நின்னு தொலையாதா” என்று திட்டியவள் நான். நின்றபோது அழுதேன். பக்கத்து வீட்டு அக்கா ஆறுதலாகத்தான் சொன்னார், “விடு செல்வி, இனிமே நெனச்ச நேரம் கோயிலுக்குப் போலாம், விளக்கேத்தலாம்” என்று. அந்த ஆறுதல் முள்ளாகக் குத்தியது. உடம்பில் ஒரு கதவைச் சாத்திவிட்டார்கள் போலிருந்தது.

அதற்குப் பிறகு தொடங்கியது சூடு. நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி, கழுத்து, முகம், உச்சந்தலை வரை ஏறும். சேலை நனைந்துவிடும். அடுத்த நிமிடம் குளிரும். கோயில் வரிசையில் ஒருநாள் அப்படி வியர்த்துக் கொட்டியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். முட்டி வலி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம். டெல்லி மார்கழிக் குளிரில் ஃபேனைப் போடுவேன். கணவர் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக உட்கார்ந்து, காபி குடிப்பார். அபி ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள்ளிருந்து கத்துவாள்:

“அம்மா, ப்ளீஸ், ஜல்தி ஃபேன் பந்த் பண்ணு! நான் ஐஸ் ஆயிடுவேன்!”

“ஒனக்கு இன்னொரு ரஜாய் தாரேன், பேசாமக் கெட” என்பார் அவர். ஃபேனை மட்டும் நிறுத்த மாட்டார்.

அந்தத் திங்கட்கிழமை அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உட்சவ்வு கொஞ்சம் தடித்திருக்கிறது என்று, அதில் சிறிது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை எப்படிச் சொல்வேன்! அபிக்குத் தலை பின்னும்போது, இந்தப் பிள்ளைக்கு இனி யார் பின்னிவிடுவார் என்று நினைத்து விரல் நின்றுவிடும்.

இன்னொரு துக்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் தீட்டு நாட்களில் நான் பூஜை அலமாரிப் பக்கம் போவதில்லை. அவர்தான் விளக்கேற்றுவார். வாழ்க்கையில் முருகன் மிகவும் தேவைப்பட்ட நாளில் அவன் முன்னால் நிற்கக்கூட முடியவில்லையே என்று குமைந்தேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர் குளித்துவிட்டு விளக்கேற்றினார். நான் அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தேன்.

“அங்க என்னத்துக்கு நிக்க? இங்க வா.”

“நான் எப்படிங்க வர? இந்த நேரத்துல...”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “கீமோல முடி கொட்டுனப்ப அவன் ஒன்னைய விட்டுட்டுப் போனானா? கையில வேல் புடிச்சிருக்கவன் செல்வி. ரத்தத்தப் பாத்தா பயப்படப் போறான்?”

போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன வேண்டினேன் தெரியுமா? நோய் இருக்கக் கூடாது என்றுகூட வாயில் வரவில்லை. “செந்தூரா, என்னால முடியல. இனி நீ பாத்துக்கோ.” இவ்வளவுதான். சத்தம் போட்டு அழுதேன். பள்ளிக்குக் கிளம்பிய அபி பையைக் கீழே போட்டுவிட்டு வந்து, என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அன்று காலை, எத்தனையோ நாளுக்குப் பிறகு, மூன்று இட்லி சாப்பிட்டேன். பயம் போகவில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். புற்று இல்லை. கீமோவில் உறங்கிப்போன சினைப்பைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன, வந்தது மாதவிலக்குதான் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் எழுந்து நின்று கைகூப்பிவிட்டார், டாக்டரம்மாதான் முருகன் என்பதுபோல.

வீட்டுக்கு வந்ததும் அவரே உளுந்தங்களி கிண்டினார். எங்கள் ஊரில் வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுப்பது. முழுக்கக் கட்டி கட்டியாக இருந்தது. கருப்பட்டிக் கறுப்பின் மேல் நல்லெண்ணெய் மிதந்தது.

“அப்பா, இது என்ன, காலா ஹல்வாவா?” என்றாள் அபி, கறுப்பு அல்வா என்று நினைத்து.

“அம்மாவுக்கு இடுப்புப் பலத்துக்கு. ஒனக்கும் ஒரு வாய், இந்தா.”

கட்டியோடு அத்தனையும் சாப்பிட்டேன்.

கதை அங்கே முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். அதன்பின் நான்கு முறை, முன்பின்னாக வந்தது. ஆவணிக்கு அப்புறம் வரவில்லை. டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். சூடும் திரும்பிவிட்டது. ஆனால் இந்த முறை நான் அழவில்லை. வேர்த்தால் வேர்க்கட்டும் என்று கோயில் வரிசையில் நிற்கிறேன், கையில் ஒரு விசிறியோடு. எந்த நாளானாலும் விளக்கு முன்னால் நின்று பேசுகிறேன். இது சரியா என்று கேட்பவர்களிடம் எனக்கு வாதாடத் தெரியாது. அழைத்தபோது அவன் என்னைத் தள்ளவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, சிகிச்சைக்குப் பின் உடம்பு மாறினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நின்றுபோன ரத்தம் திரும்பப் பட்டால் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். முருகனிடமும் சொல்லுங்கள், சுத்தமாகிவிட்டு வருகிறேன் என்று காத்திருக்காமல், இருக்கிறபடியே. அவன் கேட்பான். நான் சொன்னதைக் கேட்டான்.