என் தம்பியின் காலுறையைத் திருடிய கால்கள்

நெஞ்சு கொதிக்கக் கொதிக்கக் கர்த்தரிடம் போனவள் நான். ஆறட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்தக் கொதிப்போடுதான் போனேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் ஞானம்மாள். ஆம்பூர் தோல் கிடங்கில், தோலைப் பதம் போட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். எழுத்துக் கூட்டிப் படிக்க நானாகவே கற்றுக்கொண்டேன். தாய் தகப்பன் போன பிறகு என் தம்பி மாசிலாமணியை நான்தான் வளர்த்தேன். அவனும் கிடங்கில்தான் வேலை செய்தான். ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை வந்தபோது பட்டாளத்துச் சுமைகூலிப் படையில் பெயர் கொடுத்துவிட்டான்.

"போகாதேடா" என்று அழுதேன்.

"இந்தப் பட்டை நாத்தம் இனிமே எனக்கு வாணாங்க்கா. செத்தாலும் வேற காத்துல சாவுறேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினான்.

அரபு தேசத்துப் பஸ்ராவில் அவன் வலது காலில் குண்டுச் சிதறல் பட்டது. விரல்களை எடுத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று சேதி வந்தது. அங்கே பகலில் அனலாம், குளிர்காலத்தில் எலும்பு நடுங்குமாம். எங்கள் சபையிலிருந்து போன பிள்ளைகளுக்கெல்லாம் மூட்டை கட்டி அனுப்பலாம் என்று போதகர் ஐயா சொன்னார். மிஷன் துரைசானி அம்மா வெள்ளைக் கம்பளி நூல் கொடுத்து எங்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தார். நான் தம்பிக்கு ஒரு பனியனும் மேஜோடு என்கிறோமே, அந்தக் காலுறை ஒரு ஜோடியும் பின்னினேன்.

வெள்ளைக் காலுறை அழுக்காகுமே என்று அதைப் பட்டைத் தண்ணீரில் ஊறவைத்தேன். நல்ல காக்கி நிறம் ஏறியது. புண்ணுக்கும் ஆவாரம்பட்டை நல்லதுதானே. பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த ரூத்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாடி ஞானம்மா, தம்பி காலையே பதம் போடப் போறியா?"

"ஆமாடி. மாட்டுத் தோலே கெட்டியாவுது, எந்தம்பி கால் ஆவாதா?"

அன்றைக்கு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கர்த்தர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூட்டைகளையெல்லாம் தம் வண்டியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோய் அனுப்பும் பொறுப்பை மேஸ்திரி ஆசீர்வாதம் ஏற்றார். கிடங்கில் எங்களுக்கெல்லாம் மேலாள் அவர்தான். சபையில் மூப்பர். அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்துவிடும், அவ்வளவு நீளம். "பஸ்ராவில் வாடும் எங்கள் செல்வங்களை" என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நானும் கண்ணீரோடு ஆமென் சொன்னேன்.

பிறகு ஒருநாள் கரீம் வந்து சேர்ந்தான். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன், தம்பியின் தோஸ்த். பஸ்ராவில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன். ஒரு கை போய்த் திரும்பியிருந்தான். தம்பி எப்படி இருக்கிறான் என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏங்க்கா அப்படிப் பண்ணே?" என்றான்.

"நான் இன்னாப்பா பண்ணேன்?"

"மூட்டை வந்துச்சு. ஆசையா பிரிச்சான். உள்ளே பூராவும் பட்டைச் சக்கை. மோந்து பார்த்தான். 'எங்க அக்கா ஜாஸ்தி கோவத்துல இருக்குது போல. உன் பவுசு இதான்னு அனுப்பிச்சிருக்குது'ன்னான். அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். கஞ்சி குடிக்கறதில்ல. உன் பேரையே எடுக்கறதில்ல."

பட்டைச் சக்கை என்றால் சாறெல்லாம் தோலுக்குள் இறங்கின பிறகு தொட்டியிலிருந்து வாரிக் கொட்டுகிற குப்பை. எடை காட்டுவதற்காக அதை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். வேறு எந்தக் குப்பையை அடைத்திருந்தாலும் திருட்டு என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும். பட்டையை வெறுத்துப் போனவனுக்குப் பட்டை போனால் என்ன நினைப்பான்? நான் காறித் துப்பியதாக நினைத்துவிட்டான். அந்த நினைப்போடே செத்தும் போவான்.

மூட்டை என் கையை விட்ட பிறகு மேஸ்திரியின் வண்டியில் மட்டும்தான் ஏறியது. ஆனால் சாட்சி ஏது? சாட்சியில்லாமல் கடிதம் போட்டால் தம்பியே நம்பமாட்டான். வாயைத் திறந்தால் கிடங்கில் வேலை போகும், சபையில் மானம் போகும். கரீமின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா பார்த்துக்கினுதான் இருக்கறாரு ஞானம்மா, அவரு கண்ணுல யாரும் மண்ணு போட முடியாது" என்றார். எந்தப் பெயரைச் சொல்லிச் சொன்னால் என்ன, அந்த வார்த்தை எனக்கு முதுகெலும்பு தந்தது.

கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. வந்ததை அப்படியே சொல்கிறேன்.

"ஆண்டவரே, என் தம்பிக்கு உண்மை தெரிய வேண்டும். அவன் சாகக்கூடாது. அவன் காலுக்குப் போனதைத் தின்றவனைச் சும்மா விடாதேயும். நோயும் கொடுக்க வேண்டாம், சாவும் கொடுக்க வேண்டாம். எல்லாரும் பார்க்க, இந்தக் கோயிலிலேயே அவன் தலை குனிய வேண்டும். நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்."

பட்டை இடிக்கும்போதும் அதே ஜெபம்தான். ஒவ்வொரு உலக்கைப் போட்டுக்கும் மேஸ்திரியின் பெயரைச் சொல்லிச் சொல்லி இடித்தேன். அந்த நாட்களில் என் பட்டை மாவு மாதிரி இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கோயிலில் அன்று வாசலிலிருந்து பலிபீடம் வரைக்கும் வெளுத்த வெள்ளைத் துணி விரிப்பார்கள். முதல் காணிக்கைக் கூடையை மூப்பர் அதன்மேல் நடந்து சுமந்து வருவார். மேஸ்திரி அன்றைக்கு வெள்ளைக்காரர் மாதிரி ஆணி அடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, மழைச் சேற்றில் நடந்தே வந்திருந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. வாசலில் அதைக் கழற்றினார். காலுறையைக் கழற்றவில்லை. ஊர் பார்க்கட்டும் என்ற பெருமை.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணை மேலே ஏற்றிக்கொண்டு நடந்தார். பின்னால் துணியில் தடம் விழுந்துகொண்டே வந்தது. சேற்றுத் தடமாக இருந்தால் யார் கவனித்திருப்பார்கள்? இது மை மாதிரிக் கறுப்பு. குதிகாலில் ஆணி ஆணியாகப் புள்ளி.

தோல் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், பட்டைத் தண்ணீரில் ஈர இரும்பு பட்டால் கறுத்துப்போகும் என்று. தொட்டிப் பக்கம் இரும்பு வாளி கொண்டுவந்தவனை இதே மேஸ்திரிதான் கன்னத்தில் அறைந்தார். ஊருக்கே இரும்பைத் தள்ளி வைக்கச் சொன்ன மனிதர், பட்டையில் ஊறின காலுறையை ஆணி பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டு வந்தார். காக்கி நிறத்தைப் பார்த்து மில் சரக்கு என்று நினைத்துவிட்டார்.

ரூத்து எழுந்தே நின்றுவிட்டாள். "ஞானம்மா! நீ பதம் போட்ட காலு நடந்து போவுது பாருடி!"

சிரித்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தக் காலுறை ஞாபகம் வந்தது. பாட்டு நின்றது. மேஸ்திரி குனிந்து பார்த்தார். தம் கால் தடத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. கூடை சாய்ந்து பூசணிக்காய் உருண்டது.

"இது... வேலூரு பஜார்ல வாங்கினது" என்றார்.

"பஜார்ல மேஜோட்டைப் பட்டைத் தண்ணியில ஊறப்போட்டா விக்கறான்?" என்று ரூத்து கேட்டாள்.

போதகர் ஐயா கீழே இறங்கி வந்தார். "கழட்டுங்க மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான். அவர் குனிந்தார். அந்தத் தலை குனிந்தது. நான் கண்ணாரப் பார்த்தேன். ஸ்தோத்திரம் என்று சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

மேஸ்திரி வீட்டில் போய்ப் பார்த்தால், எங்கள் பிள்ளைகளின் பனியனும் போர்வையும் ஊறுகாய்ச் சாடியும் அடுக்காக இருந்தன. சிலர் அடிக்க ஓடினார்கள். சிலர் போலீசில் கொடுக்கச் சொன்னார்கள். போதகர் ஐயா என்னைப் பார்த்து, "ஜாஸ்தி அடிபட்டவ நீ. நீ சொல்லும்மா" என்றார்.

"ஜெயில் வாணாம் ஐயா" என்றேன். மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார், தப்பித்தோம் என்று. "பின்னட்டும். பசங்க ஊர் திரும்பற வரைக்கும், இந்தக் கோயில் தாழ்வாரத்துல, எங்க நடுவுல உக்காந்து மேஜோடு பின்னட்டும். வெறுங்காலோட."

பெரிய மீசைக்காரர் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஊசி பிடித்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊசி விரலில் குத்தும்போதெல்லாம் எனக்கு மனசு குளிர்ந்தது. தப்பாகப் பின்னினால் முழுவதையும் பிரித்து மறுபடி போடச் சொன்னேன். அவர் பின்னின முதல் ஜோடியை நானே பட்டைத் தண்ணீரில் முக்கி, நடந்ததைப் போதகர் ஐயா எழுதின கடிதத்தையும் உள்ளே வைத்து, தம்பிக்கு அனுப்பினோம். மூட்டையை ரயிலில் ஏற்றும் வரைக்கும் அதன்மேல் என் கை இருந்தது.

தம்பி அந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே கஞ்சி கேட்டானாம். சண்டை முடிந்து ஆம்பூர் ரயிலடியில் நொண்டிக்கொண்டே இறங்கினான். என் தோளில் முகத்தைப் புதைத்து, "அக்கா, உன்மேல பட்டை வாசனை அடிக்குது" என்றான். அழுதான், சிரித்தான்.

வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. நேரே கோயில் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன். மேஸ்திரி பின்னிக்கொண்டிருந்தார். தம்பி எதிரில் போய் நின்று, விரலில்லாத காலை நீட்டினான். அதில் அவர் பின்னின கோணல் காலுறை.

"மேஸ்திரி, இது தொளதொளன்னு இருக்குது. கொஞ்சம் இறுக்கிக் குடுங்க" என்றான்.

அவர் மண்டியிட்டு அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு முதல் நான் யாருக்கும் பயப்படுவதில்லை. கிடங்கில் என் கூலியை நிமிர்ந்து நின்று கேட்டு வாங்குகிறேன். அன்பானவர்களே, உங்கள் கோபத்தைக் கழுவித் துடைத்து அழகாக்கிக்கொண்டு கர்த்தரிடம் போக வேண்டாம். வயிறு எரிகிறபடியே போங்கள். நியாயம் தெரிந்தவர் அவர். எந்தக் காலை எங்கே வைத்துப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மேஸ்திரியை மன்னித்தாயா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஜெபத்துக்கு மட்டும் நான் கர்த்தரை அவசரப்படுத்துவதில்லை.