பதினெட்டாம் தேதிப் படுக்கை

டாக்டர் முதலில் கேட்டது, கட்டி எப்போது தட்டுப்பட்டது என்று. அவர் பேசியது வேற்று மொழி. அண்ணிக்கு அது வராது என்பதால்தான் சின்னவள் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தாள். சின்னவள் என்றால் அண்ணனைவிட இருபத்து மூன்று வயது இளைய தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு, ஆறு வயதில் அண்ணியின் கைக்கு வந்து சேர்ந்தவள்.

"எப்ப இருந்து இருக்குன்னு கேக்கறாரு அண்ணி."

"ஆறு மாசம் இருக்கும். நீ நாலுன்னு சொல்லு. திட்டப் போறாரு."

நாலு என்றே சொன்னாள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, வெளிச்சத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார். இது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை என்றார். டிசம்பர் பதினெட்டாம் தேதிக்கு ஒரு படுக்கை இருக்கிறது. அதை விட்டால் அறுவை செய்கிறவர்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய், ஜனவரி நடுவில்தான் திரும்புவார்கள். அவ்வளவு நாள் இந்தக் கட்டிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை என்றார். இதை அவர் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை மேசையை விரலால் தட்டிக்கொண்டே.

சின்னவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். அண்ணி கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஆபரேஷன் பண்ணணுமாம் அண்ணி. சீக்கிரம் பண்ணினா நல்லதுன்னு சொல்றாரு. பதினெட்டாம் தேதி இடம் இருக்காம்."

"அன்னைக்கு முடியாதே. அப்புறம் எப்ப?"

"அப்புறம் ஜனவரியிலதான்."

"ஜனவரியில பண்ணலாமான்னு கேளு."

கேட்டாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் கூடப்பிறந்தவளாக இருந்தால் இன்றைக்கே படுக்க வைப்பேன், ஜனவரி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது என்றார்.

"பண்ணலாம் அண்ணி. ஆனா சீக்கிரம் பண்ணினா நல்லதுதான்கறாரு."

"அப்ப ஜனவரி" என்று அண்ணி எழுந்துவிட்டாள். எழுந்தவளின் பார்வை, நோயாளிகளைப் பரிசோதிக்கும் கட்டிலில் விழுந்தது. விரிப்பின் ஓரத்தைப் புரட்டி மையால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். "இது நாலாம் வார்டு விரிப்பு. இங்க எப்படி வந்துச்சு? இதைத்தான் நேத்து முழுக்கத் தேடினோம்."

டாக்டர், உங்கள் அண்ணி என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஜனவரியில் வருகிறாராம் என்றாள் சின்னவள். நான் சொன்னதை எல்லாம் சொன்னீர்களா என்றார். சொன்னேன் என்றாள்.

அந்த மருத்துவமனையின் துணி அறையில்தான் அண்ணிக்கு இருபது வருட வேலை. சலவையிலிருந்து வரும் விரிப்புகளை வார்டு வாரியாகப் பிரிப்பது, கிழிந்ததைத் தைப்பது, கறை போகாததை ஒதுக்கித் துடைக்கும் துணியாகக் கிழிப்பது, நல்லதை மடிப்பது. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து உதறி, நடந்து வந்து சேர்ந்து, முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். அண்ணியின் ஜோடி ஒரு பருத்த பெண்மணி. எல்லோருக்கும் அவள் குண்டக்கா. "என் புருஷன்கூட இத்தனை தடவை கிட்ட வந்ததில்லடி, நீ நாளைக்கு நானூறு தடவை வர்றே" என்பாள். அண்ணி சிரித்தாலும் கை நிற்காது. அந்த டிசம்பரில், உதறும்போது அண்ணியின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. குண்டக்கா அதைக் கவனித்து, விரிப்பைத் தாழ்த்திப் பிடித்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அண்ணி சொன்னாள்: "உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாத. கிறிஸ்துமஸ் முடியட்டும்."

"அண்ணனுக்குத் தெரியாம எப்படி அண்ணி?"

"தெரிஞ்சா கையும் ஓடாது, காலும் ஓடாது. எல்லாரையும் வரவேண்டாம்னு சொல்லிடுவாரு. நாலு வருஷமா நான் இதுக்குத்தானே மல்லுக்கட்டிட்டு இருந்தேன்."

இதுக்கு என்றால் மகளுக்கு. அண்ணனின் ஒரே மகள், படித்துக்கொண்டிருந்த நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கு அண்ணன் வாசலில் நின்று, இந்தப் படியை இனி மிதிக்காதே என்று சொன்னார். தரைக்கு ஓடு பதிக்கிற தொழில் அவருக்கு. நூல் பிடித்த கோட்டிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி பதிப்பார். பேச்சும் அப்படித்தான், ஒரு தடவை சொன்னதைப் பெயர்க்க அவருக்கே தெரியாது. மகளும் அதே அச்சு. நான்கு வருடமாக அண்ணி மகளைப் பார்த்ததெல்லாம் துணி அறையின் பின்கதவில், மதிய இடைவேளையில். பேரன் பிறந்ததை அண்ணனிடம் சொன்னது குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான். அவர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்"மைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் அவரைக் கரைத்தாள். நவம்பரில் ஒருநாள், "வரட்டும். நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றார்.

"நீங்க பேச வேண்டாம். திட்டாம இருந்தா போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு" என்றார் அண்ணன். அந்த வீட்டில் அது பெரிய நகைச்சுவை.

பதினெட்டாம் தேதி ஒரு வியாழக்கிழமை. அன்று அண்ணி வேலைக்குப் போனாள். விடுமுறைக்காக நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால் விரிப்பு மலையாகக் குவிந்திருந்ததாம். மாலையில் வந்து ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தாள். சின்னவள் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு மொழியில் வந்த கடிதங்களை இன்னொரு மொழியில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லையும் விடாமல் எழுதினாள். நாலு மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வீட்டுக்கு வந்தவுடன் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். வந்தபோது அண்ணி நாற்காலி மேல் ஏறித் திரையை மாட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். "ஊமைக்கோட்டான், அந்த ஊசியை எடு" என்றாள். ஊசியை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் முடிந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் மகள் வந்தாள்; புருஷனோடும், ஒன்றரை வயதுக் குழந்தையோடும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

"என்னடி, வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா? உள்ள வா" என்றாள் அண்ணி.

"அப்பா எங்க?"

"நாற்காலியில. நாற்காலி கடிக்காது, வா."

அண்ணன் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை, "வணக்கம் மாமா" என்றான். செய்தித்தாள் அசைந்தது. குழந்தைக்கு இந்தக் கணக்கு வழக்கெல்லாம் தெரியாது. நேராகக் கிறிஸ்துமஸ் மரத்திடம் போனது. அதன் உடைந்த காலுக்கு முட்டாக அண்ணன் இரண்டு ஓடுகளை வைத்திருந்தார். அதில் ஒன்றை உருவப் பார்த்தது. அண்ணன் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். "கால்ல போட்டுக்குவான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கினார். தூக்கியவர் கீழே விடவில்லை. குழந்தை அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து வாயில் வைத்தது. அண்ணி சமையலறை வாசலில் நின்று, கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை, ஏதாவது பேச வேண்டுமே என்று, "மாமா, இந்த ஓரத்துல ஒரு ஓடு கொஞ்சம் தூக்கிட்டு இருக்கு பாத்தீங்களா?" என்றான்.

"நாலு வருஷம் கழிச்சு வந்தது என் வீட்டுத் தரையில குறை கண்டுபிடிக்கவா?" என்றார் அண்ணன்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்று மகள் தட்டைத் தள்ளினாள். "எழுந்திருங்க, போலாம்."

"உக்காருடி" என்றாள் அண்ணி. "அது நான் பீரோவை இழுத்தப்ப பேர்ந்தது. இவர்கிட்ட சொன்னா திட்டுவாருன்னு மறைச்சு வெச்சிருந்தேன். மாப்பிள்ளை போட்டுக் குடுத்துட்டாரு." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையும் சிரித்தான். மகள் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள். சிரிக்கும்போது அண்ணியின் இடது கை விலாவோடு ஒட்டியே இருந்தது. அந்த பீரோவை அவள் இழுத்ததே இல்லை என்பது சின்னவளுக்குத் தெரியும்.

இருட்டுவதற்கு முன் அவர்கள் கிளம்பினார்கள். மகள் வாசலில் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: "கதவைச் சாத்திட்டுப் போங்க. குளிர் உள்ள வருது."

மகளின் முகம் சுருங்கிவிட்டது. அண்ணி அவளோடு தெரு வரை நடந்தாள். "பூட்டிட்டுப் போன்னா சொன்னாரு? சாத்திட்டுத்தானே போகச் சொன்னாரு. அடுத்த வாரம் வந்து தள்ளிப் பாரு, திறக்கும்" என்றாள். மகள் பாதி அழுகையில் சிரித்தாள். அடுத்த ஞாயிறு வந்தாள். கதவு திறந்தது.

ஜனவரி இரண்டாம் தேதி அண்ணி புருஷனிடம் சொன்னாள்: ஒரு சின்ன கட்டி, ஜனவரியில் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார் என்று. ஜனவரி நடுவில் போனபோது படுக்கை இல்லை. விடுமுறையில் தேங்கியவர்கள் வரிசையில் இருந்தார்கள். பிப்ரவரி மூன்றாம் தேதிதான் கிடைத்தது. திறந்து பார்த்தார்கள். கட்டி தன் இடத்தில் மட்டும் இருக்கவில்லை. சின்னவள் அந்த டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்: டிசம்பரிலேயே செய்திருந்தால்? அப்போது பரவாமல் இருந்திருக்கலாம், ஏற்கெனவே பரவியும் இருந்திருக்கலாம், அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். அவள் அதை யாருக்கும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருந்து, வாந்தி, முடி உதிர்வு என்று கோடை போனது. அக்டோபரில் அண்ணி படுத்த படுக்கையானாள்; வார்டில் சேர்த்தார்கள். குண்டக்கா தினமும் புது விரிப்பை எடுத்து வந்து தானே போட்டாள். மறுமுனையைச் சின்னவள் பிடித்தாள். நவம்பர் கடைசியில் அண்ணி போய்விட்டாள்.

அந்த டிசம்பரில் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம்கூட வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் மனைவியின் கைப்பையைத் தரையில் கொட்டி உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து ஒரு மருத்துவமனைச் சீட்டை எடுத்து நீட்டினார். அவருக்குப் புரியாத மொழி. ஆனால் தேதி புரிந்திருந்தது.

"பதினெட்டு பன்னெண்டுன்னு போட்டிருக்கு. போன வருஷம். என்ன இது? படி."

படுக்கை ஒதுக்கப்பட்டது, நோயாளி மறுத்துவிட்டார் என்று எழுதியிருந்தது. சின்னவள் அதைக் கையில் வாங்கினாள். "பதினெட்டாம் தேதிக்குப் படுக்கை இருந்துச்சு அண்ணா."

"அப்புறம் ஏன் போகல? அவ ஜனவரின்னுதானே சொன்னா?"

"டாக்டர் உடனே பண்ணணும்னாரு. நான்தான் அண்ணிகிட்ட சரியாச் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது."

அண்ணன் அவளை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. கொட்டிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பாஷை படிக்க வெச்சாளே உன்னை. ஒண்ணுலகூட உண்மை சொல்ல வரலையா?"

அதுதான் அவர் அவளிடம் கடைசியாக முகம் பார்த்துப் பேசியது. ஞாயிறுதோறும் மகள் வருகிறாள். அத்தை, அத்தை என்று சின்ன வயதில் முந்தானையைப் பிடித்துச் சுற்றியவள், இப்போது சமையலறையில் சின்னவள் இருந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். நான்கு வருடத்தில் பேசாததை எல்லாம் பேசுகிறார்கள். குழந்தை தாத்தாவின் மடியை விட்டு இறங்குவதில்லை. சின்னவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறாள். மாதப் பிறப்பில் போய்விடலாம்.

சில நாள், மகளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று உண்மை நாக்கு நுனி வரை வருகிறது. அப்போதெல்லாம் வார்டில் கழிந்த அந்த மதியம் நினைவுக்கு வரும். அக்டோபர் கடைசி. அண்ணியின் கட்டிலருகே உட்கார்ந்து, சின்னவள் பத்து மாதமாக அடக்கியதை எல்லாம் கொட்டி அழுதாள். டாக்டர் இப்படிச் சொன்னார், நான் அப்படிச் சொன்னேன், நான்தான் உங்களைக் கொன்றேன் என்றாள். அண்ணி அவள் தலையைத் தட்டி நிறுத்தினாள்.

"பைத்தியக்காரி. மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாரே, அதுக்குமா பாஷை வேணும்? இருபது வருஷம் அந்தக் கட்டடத்துல இருந்திருக்கேன், அவங்க பேசறது ஒரு மண்ணும் புரியாமலா இருப்பேன்? நான் தெரிஞ்சேதான் இருந்தேன். என் மகளுக்காக இருந்தேன்."

அண்ணி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க அண்ணன் என்னைக்காவது ஒருநாள் கேப்பாரு. நான் தெரிஞ்சே இருந்தேன்னு சொன்னா, யாருக்காகன்னு கண்டுபிடிச்சுடுவாரு. அப்புறம் ஜென்மத்துக்கும் அவளை வாசப்படி ஏத்த மாட்டாரு. அவளும் தன்னாலதான்னு செத்துப்போவா. எனக்குத் தெரியாம போச்சுன்னே இருக்கட்டும். உன் மேலதான் பாய்வாரு, தெரியும். நீ தாங்குவே. சின்னக்குட்டி, எனக்காக இதை உன் தலையில போட்டுக்கறியா?"