சைடு வீல் வண்டிக்கு இரண்டு டோக்கன்

யாராவது என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்களே, அது போதும். இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப் போனது. அதற்காக அழுத நாட்களைவிடச் சண்டை போட்ட நாட்கள்தான் அதிகம்.

அப்போது நன்னிலத்தில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் சிங்கப்பூர் சம்பளத்தில் இரண்டு மா, மூன்று மா என்று நிலம் வாங்க வருவார்கள். அந்தப் பத்திரங்களை அடிக்கும்போது விரல் தானாக வேகமெடுக்கும். வீட்டிலிருந்து டவுன் பஸ் ஸ்டாண்டு வரை என் வண்டி, அங்கிருந்து நன்னிலத்துக்கு பஸ். வண்டி என்றால் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர். சர்க்கார் கொடுத்தது. ஒரு ஆட்சி மனுவை வாங்கியது, அடுத்த ஆட்சி வண்டியைக் கொடுத்தது. முன்னால் ஒட்டியிருந்த தலைவர் படத்தை முதல் மழையே கொண்டுபோய்விட்டது. வண்டி நன்றாக ஓடியது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. பெயர்தான் சைக்கிள், நிற்பதெல்லாம் பைக். வாசலில் ஸ்டூல் போட்டு டோக்கன் கிழிப்பவர், முதல் நாள் நான் பர்ஸைத் திறந்ததும் கையை ஆட்டினார்.

"உங்களுக்கெல்லாம் காசு வேண்டாங்க. உள்ள விடுங்க."

அந்த 'உங்களுக்கெல்லாம்' எனக்குச் சுருக்கென்றது.

"ஏன், என் வண்டி நிக்கப்போறதில்லையா?"

"நிக்கும்ங்க. உங்களப் பாத்தா வாங்க மனசு வரலைங்க."

"நான் சம்பாதிக்கிறேன். டோக்கனக் கிழிங்க."

மூன்று நாள் மறுத்தார். நான்காம் நாள் ஸ்டாண்டை ஏலத்தில் எடுத்தவரையே கூப்பிடச் சொன்னேன். வெள்ளை வேட்டியும் வெற்றிலை வாயுமாக வந்த ஏலக்காரர் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

"கொடுக்குறேங்குறாங்கல்ல, வாங்கிக்கப்பா. ஆனா ஒண்ணும்மா, கொடுக்கறதுன்னா முறைப்படி கொடுங்க. உங்க வண்டி ரெண்டு வண்டி எடத்த அடைக்குது. ரெண்டு டோக்கன்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். நான் இரண்டு டோக்கனுக்கும் காசு கொடுத்தேன். இரண்டையும் பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியபோது எனக்கிருந்த மிதப்பை என்ன சொல்ல! தினமும் இரண்டு டோக்கன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

இந்த வீறாப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஆறு வயது இருக்கும். அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு முழுக்க அரிவாளைக் கீழே வைத்துவிட்டது. வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. மிராசுதார் என் அப்பாவைக் களத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும் கூடப் போனாள். "கால் முடியாத புள்ளய வச்சிருக்க. உனக்கு ஒரு மரக்கா சேத்தே அளக்கச் சொல்றேன், நாளைக்கு வந்து எறங்கு" என்றார் அவர். "வேண்டாங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான். திரும்பி நடந்தார். அந்த 'வேண்டாங்க' என் காதிலேயே தங்கிவிட்டது. பிறகு யார் எதைச் சும்மா நீட்டினாலும் எனக்கு அதுதான் வாயில் வரும்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் குடை விரித்துச் சாவி போடும் ஒருவர் இருந்தார். அவருக்கு இரண்டு காலும் முடியாது. என்னுடையது போலவே சைடு வீல் வண்டி. காலையில் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஊன்றுகோல்களை ஊன்றிப் பத்தடி நடந்தால் அவருடைய குடை வந்துவிடும். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே வாய்க்கால் மதகு ஓரத்தில் அவருடைய வண்டி நிற்பதைப் பார்த்தேன். அவர் சேற்றில் ஊன்றுகோலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து வந்துகொண்டிருந்தார். மதகிலிருந்து குடைக்கு நல்ல தூரம். முழங்கை வரை சேறு. எங்கோ விழுந்து எழுந்திருக்கிறார்.

"ஏங்க இங்க விட்டுட்டு வர்றீங்க?" என்று வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று சிரிப்பு இல்லை.

"ரெண்டு டோக்கனுக்கு நான் எங்க போறதுங்க? இத்தன வருஷமா ஒருத்தரும் காசு கேக்கல. இப்ப, அந்த டைப்பிஸ்ட் அம்மாவே கொடுக்குறாங்க, உனக்கென்னங்குறாங்க. ஒரு நாளைக்கு மூணு சாவி போட்டா பெரிசு எனக்கு. உங்களுக்குச் சம்பளம் வருது, கொடுக்குறீங்க. என்னை ஏங்க இழுத்து விட்டீங்க?"

அன்றைக்கு அடித்த பத்திரத்தில் கிழக்கு எல்லையை மேற்கில் போட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வண்டியே சர்க்கார் சும்மா கொடுத்ததுதானடி. அதுல குந்திக்கிட்டு டோக்கனுக்கு என்னடி வீறாப்பு?"

"வண்டி எல்லாருக்கும் கொடுத்தாங்க. அப்பா மட்டும் அன்னைக்கு வேண்டாம்னு..."

"பாதியக் கேட்டுட்டு ஆடாத. எனக்கு மட்டும்னா வேண்டாங்கன்னு சொன்னாரு உங்கப்பா. பத்து நாள் கழிச்சு எல்லாருக்கும் அரை மரக்கா கூட்டி அளந்தாங்களே, அப்ப வேண்டாம்னாரா? துண்ட விரிச்சு வாங்கிட்டு வந்தாரு. அன்னைக்கு மூணு வேளையும் சோறு தின்னியே, அது ஞாபகம் இல்லையா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அந்த 'வேண்டாங்க' மட்டும்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. முப்பது வருஷம் பாதி அப்பாவைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

மறுநாள் ஏலக்காரரிடம் போனேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்வது, கொடுக்கிறேன் என்று சண்டை போட்டதைவிடப் பெரிய பாடாக இருந்தது. சைடு வீல் வண்டி எதற்கும் இனி டோக்கன் காசு கேட்கக் கூடாது என்றேன்.

"இதுக்கா இவ்ளோ யோசன? உங்களுக்கு மட்டும் விட்டுடறோம்ங்க. சாவிக்காரர் கணக்கு வேற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிராசுதார் மாறினாரே தவிர வசனம் மாறவில்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாங்க" என்றேன்.

வெளியே வந்து சாவிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. மதகிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்டாண்டு வாசலுக்கு வெளியே, ரோட்டோரம், இந்தப் பக்கம் அவர் வண்டி, அந்தப் பக்கம் என் வண்டி. நடுவில் பைக் ஒவ்வொன்றாக நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தோம். காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த வாத்தியார்களும் நர்ஸ்களும் வரிசையில் நின்று ஹாரன் அடித்தார்கள்.

ஏலக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னம்மா இது, வாசலையே அடைச்சா எப்படி?"

"ரெண்டு வண்டி எடத்த அடைக்கும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

வரிசையில் நின்ற ஒரு நர்ஸ் சிரித்துவிட்டார். அப்புறம், "அவங்ககிட்டயுமா சார் வாங்குறீங்க?" என்று உரக்கவே கேட்டார். அதற்குமேல் நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காலை, ஸ்டாண்டு சுவரில் பச்சை பெயின்டில் எழுதியிருந்தது: மாற்றுத்திறனாளிகள் வண்டிக்குக் கட்டணம் இல்லை. டோக்கன் கிழிப்பவர் வாசலுக்குப் பக்கத்திலேயே நிழலில் எங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். பழக்கத்தில் பர்ஸுக்குப் போகிற கையை நிறுத்த எனக்குப் பத்து நாளானது.

தை மாதம் என் பீரோ சாவி தொலைந்துபோனது. பூட்டைக் கழற்றிச் சாவிக்காரரிடம் கொண்டுபோனேன். அரை மணி நேரம் அராவி, ஊதி, போட்டுப் பார்த்து, புதுச் சாவியை என் கையில் வைத்தார். காசை நீட்டினேன்.

"உங்ககிட்ட வேண்டாங்க" என்றார்.

"எல்லார்கிட்டயும் வேண்டாமா, என்கிட்ட மட்டும் வேண்டாமா?"

அவர் என்னைப் பார்த்தார், ஸ்டாண்டு சுவரின் பச்சை எழுத்தைப் பார்த்தார். குடை ஆடுகிற மாதிரி சிரித்துவிட்டுக் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.