வெண்கலக் கேடயம் தூக்கிய ஏசேர்

என் அக்கா நாராளைக் கட்டிக்கொடுத்தபோது, ஏசேரைப்போல ஒரு மாப்பிள்ளை எருசலேமிலேயே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். சொந்த ஊர் தெக்கோவா. நல்ல உயரம், அகன்ற மார்பு. அரண்மனையில் பார்த்தவுடனே சேவகத்தில் எடுத்துக்கொண்டார்கள். ராஜா கர்த்தருடைய ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர்கள் தங்கக் கேடயம் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். சாலொமோன் ராஜா அடித்துவைத்த கேடயங்கள் அவை. வெயில் பட்டால் தெருவில் நிற்பவர்களுக்குக் கண் கூசும். அதில் ஒன்று என் மச்சான் கையில் இருந்தது.

அதுவே அவர் தலைக்கு ஏறிவிட்டது. நான் கல் உடைக்கிறவன். எங்கள் ஆட்கள் விருந்து வைத்தால் அக்கா மட்டும்தான் வருவாள். ஒருமுறை நானே போய் அழைத்தேன்.

"கல்தூசியோட உக்காந்து சாப்பிடச் சொல்றியா மாப்ளே? நான் தங்கம் தூக்குறவன்."

"அந்தத் தங்கம் உங்களுதா மச்சான்?"

"பின்ன உன்னுதா?"

அவரைச் சொல்லி என்ன பயன், ராஜாவே அப்படித்தான் இருந்தார். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்த புதிதில், எங்கள் சுமையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று ஜனங்கள் போய்க் கேட்டார்கள். என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்று பதில் வந்தது. இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்தில் பத்து அன்றைக்கே பிரிந்து போய்விட்டது. அப்போதும் அவருக்குத் தலைக்கனம் குறையவில்லை. மிச்சமிருந்த யூதாவின் ஊர்களைச் சுற்றி மதில் கட்டினார், தானியமும் எண்ணெயும் நிரப்பினார். இனி நமக்கென்ன என்று ஆனதும் கர்த்தரை மறந்தார். ராஜா மறந்ததும் ஊரும் மறந்தது. மேட்டுக்கு மேடு, மரத்துக்கு மரம் அந்நிய சாமிகளுக்குப் புகை போட்டார்கள்.

அவர் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் வருஷம் எகிப்தின் ராஜா சீஷாக் ரதங்களோடு வந்தான். மதில் கட்டிய ஊர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மச்சானுடைய தம்பிமார் தெக்கோவாவிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடிவந்து அக்கா வீட்டு முற்றத்தில் தங்கினார்கள். அந்தச் சமயத்தில் செமாயா தீர்க்கதரிசி நேராக ராஜாவிடம் போனார். நீங்கள் கர்த்தரை விட்டீர்கள், அவரும் உங்களை எகிப்தியன் கையில் விட்டுவிட்டார் என்று முகத்துக்கு நேரே சொன்னார். மச்சான் அங்கே காவலுக்கு நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் குரல் ஏறவே இல்லை.

"ராஜா கோபப்படலையா?" என்றாள் அக்கா.

"இல்ல. தலையைக் குனிஞ்சாரு. பிரபுக்கள் எல்லாரும் குனிஞ்சாங்க. கர்த்தர் செய்யறது நியாயம்தான்னு அவர் வாயாலயே சொன்னாரு."

"நெசமாவா?"

"கதவோரம் நின்னு கேட்டேன் நாராளே. தேளுன்னு சொன்ன அதே வாய்தான்."

தலை குனிந்ததால் ஊர் பிழைத்தது. அழிக்கமாட்டேன், ஆனால் எகிப்தியனுக்கு அடங்கியிருந்து பாருங்கள், என்னைச் சேவிப்பது எப்படி, அவனைச் சேவிப்பது எப்படி என்று அப்போது தெரியும் என்று தீர்க்கதரிசி மூலமாகவே கர்த்தருடைய வார்த்தை வந்தது. ஆலயத்துப் பொக்கிஷம் போனது. அரண்மனைப் பொக்கிஷம் போனது. கடைசியில் கேடயங்களையும் கேட்டார்கள். அவரவர் கேடயத்தை அவரவரே கொண்டுவந்து வண்டியில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. எகிப்தியச் சிப்பாய் ஒருவன் மச்சானுடைய கேடயத்தை வாங்கி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, சட்டி அடுக்குகிற மாதிரி வைக்கோலுக்குள் செருகினானாம்.

மச்சான் வீட்டுக்கு வந்து கச்சையை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா ரொட்டி வைத்தாள், பயறு வைத்தாள். எதையும் தொடவில்லை.

சில நாளில் ராஜா வெண்கலத்தில் புதுக் கேடயங்கள் வார்த்துவிட்டார், சேவகர் எல்லாரும் வரவேண்டும் என்று ஆள் வந்தது.

"நான் போகல," என்றார் மச்சான். "வெண்கலத்தத் தூக்கிட்டு அதே தெருவுல நடந்தா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றாள் அக்கா. "ராஜா நடக்கிறாரா இல்லையா?"

"நடக்கிறாரு."

"தங்கத்தப் பறிகொடுத்தவரே நடக்கிறாரு. நீங்க சும்மா தூக்கிச் சுமந்தவரு. உங்க மானம் அவரு மானத்தவிடப் பெருசாப் போச்சா?"

மச்சான் எழுந்தார். பிறகு கச்சையை எடுத்துக் கட்டினார்.

அன்றைக்கு நானும் கூட்டத்தில் நின்றேன். வழக்கமாக வாழ்த்துச் சொல்லும் ஜனங்கள் வாயே திறக்கவில்லை. வெண்கலம் மங்கலாக வந்தது. ராஜா கீழே பார்த்தபடி நடந்தார். அத்திப்பழம் விற்கிற கிழவி ஒருத்தி கூடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏசேரு, உன் தங்கம் எங்கய்யா?"

சேவகர்கள் ஊர்வலத்தில் பேசக் கூடாது. மச்சான் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "எகிப்து பாக்கப் போயிருக்கும்மா. நான்தான் வண்டி ஏத்திவிட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. ராஜா காதிலும் விழுந்திருக்கும், அவ்வளவு பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தார். பழைய நாளாக இருந்தால் அந்தக் கிழவியின் முதுகுத்தோல் உரிந்திருக்கும். அன்று யாரையும் யாரும் பிடிக்கவில்லை. ராஜா நேராக ஆலயத்துக்குள் போனார்.

தங்கக் கேடயங்கள் அரண்மனை மாளிகையில் பூட்டுக்குள் இருந்தவை. வெண்கலத்துக்கு அந்தப் பந்தா இல்லை. சேவகர் அறையிலேயே சுவரில் மாட்டிவைத்தார்கள். பனி பட்டாலே கறுத்துவிடும். புளித்துப்போன திராட்சரசமும் சாம்பலும் போட்டு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தேய்ப்பார்கள். தேய்க்கிற நேரம் முழுவதும் கதைதான். அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஆட்கள் அந்த அறையில்தான் சிநேகிதர் ஆனார்கள். மச்சான் வீட்டுக்கு வந்தால் காடி நாற்றம் வரும். கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள் என்று அக்கா சண்டை போடுவாள். திராட்சை அறுவடைக்கு எங்கள் ஆட்கள் கூடியபோது அழைக்காமலே வந்து ஆலைத்தொட்டியில் இறங்கி மிதித்தார். முழங்கால்வரை சிவப்பு. அவர் பாடிய பாட்டில் பாதி வரி தவறு.

யூதாவில் அதற்குப்பின் நல்ல காலம் நடந்தது. எகிப்தியனுக்குக் கப்பம் போனாலும் வாற்கோதுமை விளைந்தது, மாப்பிள்ளை ஊர்வலங்கள் தெருவில் பாடிக்கொண்டு போயின. ரெகொபெயாம் காலமானபின் மச்சான் சேவகத்தை விட்டுவிட்டு அக்காவோடு தெக்கோவாவுக்கே போய்விட்டார். ஆடு மயிர் கத்தரிக்கும் நாட்களில் நான் தவறாமல் போவேன். ஆட்டுக்கறி, புதுத் திராட்சரசம், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருக்கும். ஒரு வருஷம் சாப்பாட்டு நடுவில் என் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"மச்சான், ராஜா அன்னிக்குத் தலை குனிஞ்சாரே, கடைசிவரைக்கும் அப்படியே இருந்தாரா?"

அவர் எலும்பைக் கடித்தபடி யோசித்தார். "எங்க இருந்தாரு. பாதி நாள் குனிவாரு, பாதி நாள் நிமிர்ந்துக்குவாரு. முழுசா மனசு திரும்பல."

"பின்ன கர்த்தர் ஏன் விட்டுவச்சாரு?"

"என்னையும்தானே விட்டுவச்சிருக்காரு. கறிக்கு உப்பு போதுமா, அதச் சொல்லு."

"போதும்," என்றேன்.

"கம்மிதான்," என்றாள் அக்கா. உள்ளே போய் உப்பு எடுத்துவந்தாள்.