‘அப்புறம்?’ என்று கேட்ட ஒருவன்

இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்கும் ஒரு போட்டோக்காரரைப் பற்றிய கதையை என் நண்பனின் மனைவி சிபாரிசு செய்த நாளிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. கதை மோசம் என்பதால் அல்ல. அது நான் கண்டுபிடித்திருக்க வேண்டிய கதை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு நாமக்கல்லில் விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டாரைப் பொறுத்தவரை நான் வேலையில்லாதவன். என்னைக் கேட்டால், எனக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை ஒன்று இருந்தது: யார் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்வது. அண்ணன் தம்பி பிரிந்து பொங்கலுக்குச் சேருகிற கதைகளை நான் தொடமாட்டேன். அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். நூலகத்தில் புத்தகத்தை எடுத்ததும் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்ப்பேன். பல வருஷமாக ஒரு முத்திரைகூட விழாத புத்தகம் என்றால் அது எனக்குத்தான். அப்படிக் கிடைத்ததுதான் இடுகாட்டுக் குழிவெட்டி ஒருவன் எதிரே வருகிறவர்களை எல்லாம் கண்ணாலேயே நீளம் அளக்கிற நாவல். அப்படிக் கிடைத்ததுதான் ஊர் கூடிக் கிணற்றுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைக்கிற கதை. எதுவும் கிடைக்காத வாரத்தில் ஒரு விஷக்கடி வைத்திய நூலை எடுத்துவந்து, “கதையா நெனச்சுப் படிங்க சார்” என்று எருமப்பட்டி கணக்கு வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் ஒரு வாரம் செருப்பைத் தட்டிப் பார்க்காமல் போடவில்லை. எனக்கு அது பெரிய வெற்றி.

எங்கள் சபை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடும். சபை என்றால் மூன்று பேர். நான், வாத்தியார், என் நண்பன். நண்பன் அவனுடைய மாமாவின் லாரிப் பட்டறையில் கணக்கு எழுதினான். வெறும் சேஸாக வருகிற லாரிகளுக்கு மரத்தில் பாடி கட்டுகிற பட்டறை. ஞாயிறு ஆசாரிகளுக்கு விடுமுறை. பாதி கட்டிய பாடிக்குள் ஏறி, புதுப் பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொள்வோம். பக்கப் பலகை அடிக்காத லாரி என்றால் காற்று வரும். அடித்த லாரி என்றால் பெயின்ட் வாசனையில் தலை சுற்றும். தலை சுற்றுகிற லாரிதான் என் கதைகளுக்குத் தோது.

நான் புத்தகத்தைச் சும்மா எடுத்து நீட்டிவிடமாட்டேன். முதலில் கதையைச் சொல்வேன். சரியாகப் பாதியில் நிறுத்துவேன். குழிவெட்டி ஒரு நாள் தன் சொந்த மனைவியைக் கண்ணால் அளந்துவிட்டு, கணக்கு இடிக்கிறதே என்று திரும்ப அளக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி இருப்பேன். வாத்தியார் தாடையைச் சொறிவார். நண்பனால் தாங்க முடியாது. பலகையில் கையால் ஓங்கி அடித்து, “அப்புறம்?” என்பான்.

அந்த ‘அப்புறம்’ இருக்கிறதே. அதற்காகத்தான் நான் வாரம் முழுக்கப் படித்தேன் என்று சொன்னால் மிகை இல்லை. கழுத்து முன்னால் வந்துவிடும். கண் என் வாயில் இருக்கும். உலகத்தில் அந்த நேரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் அவனுக்குத் தேவையில்லை. “படிச்சுக்கோ” என்று புத்தகத்தைக் கொடுப்பேன். அடுத்த ஞாயிறு கண் சிவந்து வருவான்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் மேட்டூர். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை, அவள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வீட்டுக்கு வீடு வாரப் பத்திரிகை வாங்கி, மாற்றி மாற்றிப் படிக்கிற தெரு. இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. நண்பன் சொல்லிச் சொல்லித் தெரிந்தது. கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றிலேயே ஆரம்பித்துவிட்டான். “அவ சொன்னா” என்று தொடங்காமல் அவனுக்கு ஒரு வாக்கியம் வராது.

“அவ சொன்னா, அந்தக் கெணத்துக் கதையில பொண்ணோட அம்மாவப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லையாம். பொண்ணக் கெணத்துக்குக் குடுத்த அம்மா ராத்திரி எப்புடித் தூங்குனா, அதல்லோ கதைன்னா.”

“அது ஆசிரியர் வேணும்னே விட்டது” என்றேன்.

“அப்புடியா? நான் போய்ச் சொல்றேன்.”

போய்ச் சொல்கிறானாம்! வாத்தியாரும் யோசித்துவிட்டு, “அந்தப் புள்ள கேக்கறது நாயந்தான் சாமி” என்றார். அன்றைக்கு அவருக்கு நான் வாங்கிவைத்திருந்த வேர்க்கடலையை நானே தின்றேன்.

நாலைந்து வாரம் கழித்து, டிபன் பையில் முறுக்குக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தான். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையை வாராவாரம் கிழித்தெடுத்து, அவள் அம்மா கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டது. எல்லார் வீட்டிலும் இருக்கிற சங்கதிதான். எங்கள் வீட்டில் அப்படித் தைத்ததெல்லாம் மாமியார் மருமகள் கதைகள். அலட்சியமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். “சொல்லு பாக்கலாம்” என்றேன்.

அவன் கதை சொல்லத் தெரியாதவன். பெயரை மாற்றுவான், முன்னே பின்னே போவான். அப்படியும் கதை கேட்கவைத்தது. ஒரு போட்டோக்காரர். சாவு வீடுகளுக்குப் போய், குளிப்பாட்டி மாலை போட்டு நாற்காலியில் வைத்த பிணத்தைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுப்பார். ஒரு நாள் பழைய படங்களை அடுக்கும்போது கவனிக்கிறார். எல்லாப் படத்திலும் பின் வரிசையில் அதே ஆள். தோளில் துண்டு. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கிறார். ஆண்வழிச் சொந்தக்காரர்கள், “பொண்ணு ஊட்டுச் சனம்னு நெனச்சோம்” என்கிறார்கள். பெண்வழியினர், “மாப்பள ஊட்டு ஆளுங்க இல்லீங்களா?” என்கிறார்கள். எந்தச் சாவிலும் யாரும் அவனை ‘நீ யார்’ என்று கேட்கவில்லை. கடைசியில் போட்டோக்காரரின் அம்மாவே சாகிறாள். நாற்காலியில் உட்காரவைத்து, அவரே கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விடுகிறார். அந்த ஆள் வந்து பின்னால் நிற்கிறான். துண்டைச் சரிசெய்துகொள்கிறான். கேமராவைப் பார்த்து, “வெளிச்சம் போதுமா?” என்று கேட்கிறான். கதை முடிந்தது.

எனக்குக் கையில் முடி எழுந்து நின்றது. என் கை, என் முடி, என்னைக் கேட்காமல் நின்றது.

“நீ குடுத்ததெல்லாம் பேய்க் கதைன்னு நெனச்சுட்டிருந்தேன் மாப்ள” என்றான் நண்பன். “அதெல்லாம் பேய் வேசங் கட்டுன கதை.”

வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததில் தாடை வலித்தது.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் இரண்டு தடவை படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். எழுத்து சாதாரணம். நடுவில் தேவையில்லாத ஒரு காதல். ஆனால் அந்த முடிவு! அங்கேதான் எனக்கு உறைத்தது. வாரப் பத்திரிகையில் எந்தத் தொடர்கதை இப்படி முடிந்திருக்கிறது? கேள்வியோடு நிறுத்தினால் வாசகர்கள் ஆசிரியரைச் சும்மா விடுவார்களா? கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அடி மூலை இல்லை. பூச்சி தின்றிருக்கும். அந்த மூலையில்தான் வழக்கமாகத் ‘தொடரும்’ என்று போடுவார்கள்.

எழுந்து நின்றுவிட்டேன். பாவம், மேட்டூர்க்காரிக்கு விஷயமே தெரியவில்லை! யார் வீட்டிலோ ஒரு வாரம் பத்திரிகை கைமாறாமல் போயிருக்கிறது. கடைசி அத்தியாயம் இல்லாத புத்தகத்தை முழுப் புத்தகம் என்று நம்பி, அதற்குப் புகழ் வேறு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அதன் பிறகு நான் விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிட்டேன். நாமக்கல்லில் இருந்த பழைய பேப்பர்க் கடை அத்தனையும் பார்த்தேன். முட்டைக்காரர்கள் முட்டை பொதியக் கட்டி வைத்திருந்த பத்திரிகைக் கட்டுகளைக்கூட அவிழ்த்துப் பார்த்தேன். பிறகு சேலம் பஸ் ஏறினேன். பழைய புத்தகக் கடைக்காரர், “என்னத்தத் தம்பி தேடற, சொன்னா எடுத்துத் தரமாட்டனா” என்றார். சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. மூன்றாம் தடவை போனபோது, அட்டை போன ஒரு கட்டுக்குள் அந்தத் தொடருக்குப் படம் போட்ட ஓவியர் வரைந்த கறுப்புத் துணியும் கேமராவும் தெரிந்தன. மேலே ‘நிறைவுப் பகுதி’ என்றிருந்தது. அங்கேயே நின்று படித்தேன்.

கடவுளே, என்ன ஆனந்தம்! அவ்வளவு மட்டமான முடிவு. துண்டுக்காரன் சி.ஐ.டி.யாம். ஊரில் விஷம் வைத்துக் கொல்கிற வைத்தியரைப் பிடிக்கச் சாவு வீடு சாவு வீடாக வந்தானாம். வைத்தியருக்கு விலங்கு. போட்டோக்காரரின் தங்கைக்கும் சி.ஐ.டி.க்கும் கல்யாணம்.

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே நண்பனின் வீட்டுக்குப் போனேன். அவன் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் முறத்தில் அவரைக்காய் வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்ண்ணா. ஏனுங்ண்ணா, வேர்த்துக் கொட்டுது? காப்பி வெக்கட்டுங்களா?”

“காப்பி அப்புறம் குடிச்சுக்கலாம் தங்கச்சி. உங்க போட்டோக்காரர் கதை முடியல. மீதி இருக்குது. கொண்டாந்திருக்கேன்.”

நண்பன் ஈரக் கையோடு ஓடி வந்தான். “மீதியா? என்றா சொல்ற?”

நின்றுகொண்டே வாசித்தேன். நான் நன்றாக வாசிப்பேன். சி.ஐ.டி. என்ற சொல் வந்ததும் நண்பன், “அட கருமமே” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் வாடுவதைப் பார்க்கப் பார்க்க என் குரல் ஏறியது. விலங்கு மாட்டினேன். பந்தல் போட்டேன். தாலி கட்டினேன். பந்தியில் எல்லாரையும் உட்காரவைத்துப் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

“மாப்பளக்கி ரெண்டாவது தடவையும் பாயசம் ஊத்துவாங்க பாருங்க” என்றாள் அவள், அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தைத் திருப்பினேன். மாப்பிள்ளை போதும் போதும் என்று கையை நீட்டி மறைக்க, இரண்டாவது தடவையும் பாயசம் ஊற்றினார்கள்.

“ஏம்புள்ள, உனக்கு இது தெரியுமா?” என்றான் நண்பன்.

“தெரியாம என்ன? நான் எட்டாவது படிக்கறப்ப வந்துச்சு. அம்மா தெச்சு வெச்சாங்க. நான்தான் அந்தப் பாகத்தைக் கிழிச்செறிஞ்சேன். அந்தாளு வெளிச்சம் போதுமான்னு கேட்டுட்டானுங்களே, அதுக்கு மேல சோறு போட்டு, பாயசம் ஊத்தி... அடியில ‘தொடரும்’னு வேற போட்டிருந்துச்சு. அதையும் சேத்துக் கிழிச்சுட்டேன். அம்மா முதுகுல ரெண்டு வெச்சாங்க.”

பூச்சி தின்ற மூலை!

“எங்கிட்டச் சொல்லவே இல்லியே நீ” என்றான் அவன். குரலில் கோபம் துளியும் இல்லை. ஊர்த் தேரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க கேட்டாத்தானுங்க சொல்றதுக்கு? படிச்சு முடிச்சுட்டு விட்டத்தப் பாத்துட்டே உக்காந்திருந்தீங்க. ‘அப்புறம்’னு ஒரு வார்த்த கேக்கலியே.”

எனக்கு அந்த இடத்தில்தான் வயிறு எரிந்தது. நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், எத்தனையோ முடிவுகளைப் பிடிக்காமல் திட்டியிருக்கிறேன். ஒரு தாளைக் கிழிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. நான் வாரம் முழுக்கப் பாடுபட்டு வாங்குகிற அந்த ‘அப்புறம்’ அவளுக்கு வேண்டியிருக்கவே இல்லை.

“அந்தத் தாளை வெச்சுட்டுப் போங்ண்ணா” என்றாள். “சேலத்துல தேடிப் புடிச்சீங்களா? எத்தனை அலைச்சல்! அம்மா வந்தாக் காட்டறேன், சிரிப்பாங்க.”

காப்பி நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

விடுவேனா? அடுத்த ஞாயிறு என்னிடம் இருந்ததிலேயே இருட்டான புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு தீவு, அங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் செத்துப்போன ஒருவரின் கடனையும் பகையையும் எழுதிவைத்துவிடுவார்கள். யாருக்கும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தது. அன்றைக்குப் பக்கப் பலகை அடித்துப் பெயின்ட் காயாத பாடி, என் அதிர்ஷ்டம். என்றைக்கும் இல்லாத அளவுக்கு நன்றாகச் சொன்னேன். ஒரு தாய் தன் கைக்குழந்தையை மடியில் போட்டு, அதன் பெயருக்கு யாருடைய பகை வந்திருக்கிறது என்று சீட்டைப் பிரிக்கிறாள். செத்துப்போன ஒருவன் அவள் மேலேயே வைத்திருந்த பகை அது. அவளைக் கொல்ல வேண்டியவன் அவள் மடியில் பால் குடிக்கிறான்.

நிறுத்தினேன். சட்டைப் பையைத் துழாவினேன்.

பலகையில் அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நண்பன் லாரியின் திறந்த பின்பக்கம் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து முன்னால் வரவில்லை. கண் ஈரமாக இருந்தது.

“அப்புறம்...” என்று நானே ஆரம்பித்தேன்.

“வேண்டாம் மாப்ள” என்று கையைத் தூக்கினான். “இங்கயே உட்டுரு. நீ இத்தன நாள் சொன்னதுலயே இதுதான் சூப்பர். சூட்டோட ஊட்டுக்குப் போயி அவகிட்டச் சொல்லோணும்.”

குதித்து இறங்கினான். சைக்கிளை எடுத்தான். புத்தகத்தைக் கேட்கக்கூட இல்லை.

மீதிப் பாதி எனக்குள் அப்படியே இருந்தது. அதை எருமப்பட்டி பஸ் வரும்வரை ஸ்டாண்டில் நின்று வாத்தியாரிடம் சொன்னேன். அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.