ஞாயிறக்காவின் ஏழாம் நாள்

அவளுக்கு ஞாயிறக்கான்னு பேரு வெச்சதே நான்தான். சொந்தப் பேரு ஒண்ணு இருந்துச்சு, சம்பளச் சீட்டுல மட்டும். சலவைக்கூடத்துக்கு வந்த முதல் நாளே, "எந்த வேலை வேணும்னாலும் குடுங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் ஏப்ரனையே கட்டினா. சேரும்போதே இவ்வளவு ராங்கியான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் பாத்தா ராங்கியில நான் அவளுக்கு மேல. அதனாலதான் ஒட்டிக்கிட்டோம்.

எங்க வேலை ஹோட்டல் படுக்கை விரிப்பைத் துவைச்சு, ரோலர்ல விட்டு, மடிச்சு அனுப்பறது. ஈர விரிப்போட ரெண்டு முனை அக்கா கையில, ரெண்டு முனை என் கையில. ஒரே நேரத்துல இழுத்து உதறி, சூடான ரோலருக்குள்ள குடுக்கணும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் சுருக்கம் விழும், அசந்தா விரலே வெந்துடும். வருஷக்கணக்கா அப்படி எதிரெதிரா நின்னா, ஒருத்தி மூஞ்சியப் பாத்தே அவ வீட்டு சங்கதி எல்லாம் இன்னொருத்திக்குத் தெரிஞ்சிரும்.

அக்கா வீட்டு சங்கதி இதுதான். பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சதும் புருஷன் கம்பி நீட்டிட்டான். போனாப் போறான் கட்டையில போறவன்! பொண்ணை, காது கேக்காத பிள்ளைங்க தங்கிப் படிக்கிற பள்ளியில சேத்தா. அங்க பெத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கேட்டைத் திறப்பாங்க. போன்ல பாத்துக்கலாமேன்னு கேப்பீங்க. பிள்ளைங்க பக்கத்துலயே போனைக் கொண்டுபோக விடமாட்டாங்க. அந்தப் பொண்ணு கையால பேசறவ. அம்மா நேர்ல போய் எதிர்ல உக்காந்தாத்தான் பேச்சு.

போன மழைக்காலத்துல புது மேனேஜர் வந்தார். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். படிச்சவர், சிரிச்ச முகம். ஆனா மனுஷங்களைக் கட்டம் போட்டு அடைச்சுடலாம்னு நினைக்கிற ரகம். வந்த கையோட பலகையில ஒரு தாளை ஒட்டினார். இனிமே ஒன்பது நாள் வேலை, பத்தாம் நாள் லீவு.

"நாள் சூரியனால வந்தது. மாசம் நிலாவால வந்தது. வாரத்துக்கு வானத்துல என்ன இருக்கு, சொல்லுங்க? மனுஷன் வெச்ச கணக்குதானே. நாம மாத்திக்கலாம்"னார்.

நாமளாம்ல! மாத்தினது அவரு, மாட்டிக்கிட்டது நாங்க.

இதுல பெரிய வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. எங்களுது பழைய விறகு பாய்லர். ஏழு நாளைக்கு ஒரு தடவை அணைச்சு, ஆறவிட்டு, உள்ள படியற உப்பைச் சுரண்டலேன்னா வெடிச்சுத் தொலையும். அதனால பாய்லருக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை லீவு அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு நாங்க வந்து கிழிசல் தைக்கணுமாம். இரும்புக்கு ஓய்வு, எலும்புக்குக் கிடையாதா? நான் போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டார்.

அக்கா சத்தம் போடல. விரல்விட்டு எண்ணிப் பாத்தா. அந்தப் பத்தாம் நாள் என்னிக்காவதுதான் ஞாயித்துக்கிழமையில வந்து விழும். நடுவுல ரெண்டு மாசத்துக்கு மேல ஓடிப்போயிடும்.

"அவ்வளவு நாள் நான் போகலேன்னா, அப்பா மாதிரி அம்மாவும் போயிட்டான்னுதானேடி நினைப்பா?"

அன்னிக்கு மத்தியானம் சாப்பிட உக்காந்தப்பவும் இதே பேச்சுதான். எங்க கூடத்துல நாலு பாஷைக்காரங்க. ஒவ்வொருத்தரையும் பிடிச்சு, உங்க பாஷையில வாரத்துக்கு என்ன சொல்லுவீங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு அக்கா கேட்டா. துணி பிரிக்கிற தம்பி இந்திக்காரன். ஹஃப்தான்னான், பாரசீகத்துல ஹஃப்த்துன்னா ஏழுன்னு அர்த்தமாம். தையல்காரம்மா பேசறது மலாய். அவங்க மிங்குன்னாங்க. கடல் தாண்டி வந்த போர்ச்சுகீசியர் ஆண்டவன் நாளுக்குச் சொன்ன சொல்லாம் அது. ஞாயித்துக்கிழமைக்கும் அதே பேரு, வாரம் முழுக்கவும் அதே பேரு. பாய்லர் அண்ணன் ரஷ்யாக்காரர், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருக்கற மனுஷன். அவரே நிமிந்து உக்காந்தார்.

"எங்க ஊர்ல நெதேல்யா. வேலை செய்யாதேன்னு அர்த்தம். முதல்ல ஓய்வு நாளுக்கு இருந்த பேரு, அப்புறம் வாரத்துக்கே அதுதான் பேராச்சு."

"அப்படிப் போடு!"ன்னு தொடையத் தட்டினேன். என் பங்குக்கு, கிழமைன்னா பழைய தமிழ்ல உரிமைன்னு எங்க தமிழய்யா சொன்னதை எடுத்துவிட்டேன்.

"உன் பொண்ணு பாஷையில?"ன்னு தையல்காரம்மா கேட்டாங்க.

அக்கா ரெண்டு உள்ளங்கையையும் பக்கத்துல பக்கத்துல நிமித்தி வெச்சு, மெதுவா வெளிப்பக்கமாத் திறந்தா. கேட் திறக்கற மாதிரி. "பள்ளியில வேற சைகை சொல்லிக் குடுக்கறாங்க. இது அவளா வெச்சது. என்கிட்ட மட்டும் இதுதான்"னா.

சனிக்கிழமை இந்த அர்த்தத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனோம். பொறுமையாத்தான் கேட்டார். கேட்டுட்டுச் சிரிச்சார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வாரம்ங்கற சொல் வடமொழியிலேருந்து வந்தது. அங்க அதுக்கு முறைன்னு அர்த்தம். உங்க முறை பத்தாம் நாள் வரும், வரும்போது எடுத்துக்கோங்க. நாளைக்கு வராதவங்க திங்கக்கிழமையும் வர வேண்டாம்."

அத்தனை பாஷையும் மூக்கறுபட்டு வெளிய வந்துச்சு. "உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிடுக்கா"ன்னு கெஞ்சினேன்.

"எதுக்குடி பொய் சொல்லணும்? பெத்த பொண்ணைப் பாக்கறது என்ன திருட்டா?"

மறுநாள் காலையில வேலை தொடங்கற நேரத்துக்கு டாண்ணு வந்தா. ஏப்ரனை மடிச்சு மேனேஜர் மேசை மேல வெச்சா.

"சார், நான் என் பொண்ணைப் பாக்கப் போறேன். நாளைக்கு வேலைக்கு வருவேன்."

"நாளைக்கு உங்களுக்குக் கேட் திறக்காது."

"திறக்கற வரைக்கும் நிப்பேன்."

விறுவிறுன்னு போயிட்டா. நாங்க உக்காந்து கிழிசல் தைச்சோம். எனக்கு ஊசி எங்க குத்துது, நூல் எங்க போகுதுன்னு ஒண்ணும் தெரியல. பாய்லருக்குள்ள தலையை விட்டு உப்பு சுரண்டிக்கிட்டிருந்த அண்ணன் வெளிய வந்தார். கரி அப்பின முகத்தோட எங்களைப் பாத்தார்.

"நாளைக்கு இதைப் பத்த வெக்கிறதா வேண்டாமான்னு மேனேஜருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு அது போதும்.

திங்கக்கிழமை அக்கா கேட்டுக்கு வெளிய நின்னா. நாங்க உள்ள, கேட்டைப் பாத்தபடி முற்றத்துல நின்னோம். அண்ணன் விறகுக் குவியல் மேல காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தார். பாய்லர் ஜில்லுன்னு கிடந்துச்சு, ரோலர் அசையல. அழுக்கு விரிப்பு மலையாக் குவிஞ்சு கிடக்க, ஹோட்டல் வண்டிக்காரன் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருந்தான். மேனேஜர் மிரட்டிப் பாத்தார், நயமாப் பேசிப் பாத்தார், வேற ஆள் வெச்சுக்குவேன்னார். வெச்சுக்கோங்க சார், அண்ணனை விட்டா அந்தப் பாய்லர் யாருக்கு மசியும்னு பாக்கலாம்னேன் நான்.

"என்னதான் வேணும் உங்களுக்கு? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

என் வாய் ஊர் அறிஞ்ச வாய். அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசல. ரெண்டு உள்ளங்கையையும் நிமித்தி வெச்சுத் திறந்தேன். பக்கத்துல தையல்காரம்மா திறந்தாங்க. இந்திக்காரத் தம்பி திறந்தான். பின்னால நின்ன அத்தனை பேரும் திறந்தாங்க. விறகு மேல உக்காந்தபடியே அண்ணனும். கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா, வாயைப் பொத்திக்கிட்டு அழுதா.

"என்னது இது?"

"வாரம், சார். எட்டு வயசுப் பொண்ணோட பாஷை. இதுக்கு வடமொழியில என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அதுக்குள்ள அவரோட போன் அடிச்சுது. எடுத்துப் பாத்தார், ஹோட்டல்காரன். வாட்ச்மேனைப் பாத்து, "திற"ன்னார்.

அக்கா உள்ள வந்தா. ஆனா ரோலர் பக்கம் போகல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவர் முன்னால நின்னா.

"ஞாயித்துக்கிழமை?"

"சரிம்மா."

"எனக்கு மட்டுமா?"

மேனேஜர் எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தார். "எல்லாருக்கும்"னார்.

பாய்லர் அண்ணன் இறங்கி, பின்னால ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். நேரா அறிவிப்புப் பலகைக்குப் போய் அந்தப் பத்து நாள் தாளைப் பிச்சு எடுத்தார்.

"விறகு ஈரம். பத்த வெக்கக் காகிதம் வேணும்"னார்.

பாய்லர் சூடாச்சு. ரெண்டு முனையை நான் பிடிச்சேன், ரெண்டு முனையை அக்கா பிடிச்சா.